சத்திரம் இல்லாத நெடுஞ்சாலை

பணி ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் கொஞ்ச நாள் வெளியூர் போகிறோம் என்று சொன்னால், நம் வீடுகளில் வரும் முதல் கேள்வி "எந்தக் கோயிலுக்கு?" என்பதுதான். கோயிலுக்கு இல்லை, மகளின் பிரசவத்துக்கு இல்லை, பேரனைப் பார்த்துக்கொள்ளவும் இல்லை; ஊர் பார்க்கப் போகிறோம், அதுவும் சொந்தக் காரில், நாலைந்து மாநிலங்கள் வழியாக என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு பிபி, சுகர், மூட்டுவலி, கண்புரை என்று ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார்கள். கடைசியில், "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று முடிப்பார்கள்.

இந்த வயதில்தான் போக முடியும். வேலை பார்த்த காலத்தில் விடுப்பு கிடைத்தபோது பணம் இல்லை, பணம் இருந்தபோது பிள்ளைகளுக்குப் பரீட்சை. அலுவலகம் தந்த பயணச் சலுகையும் பெரும்பாலும் கல்யாணம், காதுகுத்து, திருப்பதி என்றே கழிந்தது. இதில் மனைவிமார்களின் கணக்கு இன்னும் மோசம். வேலைக்குப் போன பெண்ணாக இருந்தாலும், அலுவலகம் அவரை விடுவித்த பிறகு அடுப்படி விடுவதில்லை. திருமணமாகி நாற்பது ஆண்டுகளில், அடுத்த வேளைச் சமையலைப் பற்றி நினைக்காமல் ஒரு வாரம் இருந்த அனுபவம் எத்தனை பெண்களுக்கு இருக்கும்? அறுபதைத் தாண்டிய தம்பதியர் ஊர் பார்க்கக் கிளம்புவதை ஆடம்பரம் என்று சொல்பவர்கள் இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கிளம்புகிறவர்களும் பெருகித்தான் வருகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்போதே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அவர்கள் அப்போது பத்தில் ஒரு பங்கு. முன்பு இவர்களில் ஊர் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு ரயில் இருந்தது. 60 வயதான ஆண்களுக்குக் கட்டணத்தில் 40 விழுக்காடும், 58 வயதான பெண்களுக்குப் பாதியும் தள்ளுபடி. கொரோனா தொடங்கிய நேரத்தில், 2020 மார்ச் 20 முதல் அது நிறுத்தப்பட்டது. கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அதே காலத்தில் நெடுஞ்சாலைகள் அகலமாகிக்கொண்டே வந்தன. டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா நான்கையும் இணைக்கும் 5,846 கிலோமீட்டர் தங்க நாற்கரச் சாலை முடிந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி, மதுரை, சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர் வழியாக ஸ்ரீநகர் செல்லும் 44-ஆம் எண் சாலையில் கார் ஓட்டுவது, இருபது ஆண்டுகளுக்கு முன் நாம் பழைய ஏழாம் எண் சாலையில் பட்ட பாட்டை மறக்க வைக்கிறது. 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு, 3,000 ரூபாய் தொடக்கக் கட்டணத்தில், ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸும் வந்துவிட்டது. ஓராண்டு அல்லது 200 முறை சுங்கச்சாவடி கடக்கும் வரை, எது முன்னதோ அதுவரை அது செல்லும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் செல்லாது என்றாலும், நீண்ட பயணம் போகும் ஓய்வூதியருக்கு இது பெரிய உதவி.

சாலை இருக்கிறது, கார் இருக்கிறது, நேரம் நிறையவே இருக்கிறது. இல்லாதது, நிற்க இடம்.

இதைத்தான் இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் நெடுஞ்சாலைகள் போய்ச் சேருவதற்காகக் கட்டப்பட்டவை. லாரி சரக்கைச் சேர்க்க வேண்டும், பஸ் விடிவதற்குள் சேர வேண்டும், இளைஞர்கள் வெள்ளி இரவு கிளம்பித் திங்கள் காலை வேலைக்குத் திரும்ப வேண்டும். இவர்கள் யாருக்கும் நிற்க நேரமில்லை. ஆகவே நிற்க வேண்டியவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. முதியவர்களின் பயணமோ நின்று நின்று போவது. முழங்கால் மடங்கியே இருந்தால் பிடித்துக்கொள்ளும். சர்க்கரை மாத்திரை போட்டவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை எடுப்பவருக்கு ஒன்றரை மணிக்கொரு முறை கழிப்பறை வேண்டும். உடம்பைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், ஊர் பார்ப்பது என்பதே நிற்பதுதான். "ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க, அந்த ஏரியைப் பார்த்துட்டுப் போலாம்" என்று மனைவி சொல்லும்போது நிறுத்த முடிகிற பயணம்தான் சொந்தக் காரில் போவதன் முழு நியாயமும். சுற்றுலா பஸ்ஸில் அந்த வார்த்தைக்கு இடமில்லை. அங்கே விசில் ஊதினால் ஏற வேண்டும், அடுத்த விசிலுக்கு இறங்க வேண்டும்.

இந்தத் தேசத்தில் ஒரு காலத்தில் சாலை என்றாலே அதன் ஓரத்தில் சத்திரமும் சேர்ந்துதான் இருந்தது. மதுரையை 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட ராணி மங்கம்மாளை நாம் இன்றும் நினைப்பது போர்களுக்காக அல்ல. சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார் என்பதற்காக. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்னும் நிற்கிறது. தஞ்சை மராட்டியர்கள் ராமேஸ்வரம் போகும் வழி நெடுகச் சத்திரங்கள் வைத்திருந்தார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது. அந்தச் சத்திரங்களின் வருமானத்தில் கை வைத்துவிட வேண்டாம் என்று ஆங்கிலேயருக்கு 1801-இல் அவர் எழுதிய கடிதம் ஒவ்வொரு நெடுஞ்சாலைப் பொறியாளரும் படிக்க வேண்டியது. சாதி வேறுபாடின்றி வழிப்போக்கர் அனைவருக்கும் சோறு, நோயுற்றவருக்கு வைத்தியம், பிரசவ வலி கண்ட பெண்ணுக்குத் தேவையான கவனிப்பு, குழந்தைகளுக்குப் பால் என்று சத்திரங்களில் நடப்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வழியில் மனிதர்களுக்கு என்னென்ன நேரும் என்று யோசித்து வைத்த ஏற்பாடு அது.

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாக இருந்த ஏனுகுல வீராஸ்வாமி 1830 மே மாதம் பெரிய பரிவாரத்தோடு காசிக்குக் கிளம்பினார். திருப்பதி, கடப்பை, ஹைதராபாத், நாக்பூர் வழியாகப் போய்த் திரும்பியபோது 1831 செப்டம்பர் ஆகிவிட்டது. தெலுங்கில் அவர் எழுதிய குறிப்புகள் 1838-இல் 'காசியாத்ரா சரித்ர' என்ற நூலாக வந்தன. ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர் எப்படி, தங்க இடம் உண்டா, கடைகளில் என்ன கிடைக்கும் என்று விடாமல் எழுதியிருக்கிறார். அவர் போன வழியில் பெரும்பகுதிக்கு இன்று நான்குவழிச் சாலை இருக்கிறது. அவர் பதினைந்து மாதம் அலைந்த வழியைச் சில நாட்களில் முடித்துவிடலாம். ஆனால் தண்ணீர், தங்க இடம் என்று அவர் குறித்துவைத்த கேள்விகள் இரண்டு நூற்றாண்டு கழித்தும் அப்படியே இருக்கின்றன. அவற்றோடு கழிப்பறையும் சேர்ந்துகொண்டது.

கழிப்பறையைப் பற்றிப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் எழுதத் தயங்குவார்கள். நான் தயங்கப் போவதில்லை. பெண்களின் பயணத்தில் முதல் செய்தியே அதுதான். காரில் நீண்ட தூரம் போகும் நம் பெண்கள் விடியற்காலையிலேயே ஒரு முடிவு எடுத்துவிடுகிறார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. காபி கூட அரை டம்ளர்தான். கணவர் பிளாஸ்க்கை நீட்டினால், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார்கள். அறுபத்தைந்து வயதில், தக்காணத்து வெயிலில், மாத்திரைகளை விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடிக்காமல் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது உடம்புக்கு என்ன செய்யும் என்று மருத்துவர்களைக் கேளுங்கள். தலைசுற்றல், சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, தடுமாறி விழுதல். என் மனைவி அப்படித்தான் பல பயணங்களைக் கழித்திருக்கிறாள். ஆண்களாகிய நாங்கள் ஓரமாக நிறுத்தி மரத்தடியில் ஒதுங்கிவிடுவோம். அவள் காருக்குள் உட்கார்ந்து அடுத்த ஊரை எதிர்பார்த்திருப்பாள். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல என்பது இதைப் படிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும்.

பெட்ரோல் பங்க்குகளில் கழிப்பறை, குடிநீர், டயருக்கு இலவசக் காற்று எல்லாம் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதிகளிலேயே இருக்கிறது. அங்கே பெட்ரோல் போட்டால்தான் பயன்படுத்தலாம் என்பது இல்லை. நடைமுறையில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு, சாவி ஓர் ஆணின் சட்டைப்பையில். கேட்டு வாங்கித் திறந்தால் தண்ணீர் வராது, தாழ்ப்பாள் இருக்காது. இருப்பதும் குத்தவைத்து உட்காரும் தொட்டி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண் அதில் எப்படி உட்காருவார், எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்? சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்தச் சில நூறு ரூபாய் போதும். பல கோடி ரூபாயில் சாலை போடும் நாட்டில் அந்தக் கம்பி ஏன் இல்லை என்றால், திட்டம் போட்ட மேஜையைச் சுற்றி முழங்கால் வலிக்கிற பெண் ஒருவரும் உட்காரவில்லை என்பதுதான் காரணம்.

40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று என வழியோர வசதி வளாகங்களை அமைக்க தேசிய நெடுஞ்சாலை ஆணையத்திடம் திட்டம் இருக்கிறது. சில இடங்களில் அவை நன்றாக வந்துமிருக்கின்றன. ஆனால் உணவகமும் கடைகளும் நிறைந்த வளாகம் வருவது வாகனங்கள் மொய்க்கும் தடங்களில்தான். ஹைதராபாத்தின் அருகே கிடைப்பது அதிலாபாத் காட்டுப் பக்கம் கிடைக்காது. லாபம் வராத நீளங்களில் அரசே எளிமையாக ஒன்று கட்ட வேண்டும்: நிழல், நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பறை, சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு. அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே கேரளம் 'டேக் எ பிரேக்' என்ற பெயரில் வழியோர ஓய்விடங்களை உள்ளாட்சிகள் மூலம் கட்டியிருக்கிறது. பல இடங்களில் நடத்துபவர்கள் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள். கட்டியதோடு முடிந்துவிடாமல், அன்றாடம் கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ள அதே ஊர்ப் பெண்களுக்கு வேலை தந்த இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெண்ணொருத்தி சாவி வைத்திருக்கும் இடத்தில் இன்னொரு பெண் கூச்சமின்றி நுழைகிறாள்.

இத்தனை தொல்லையோடு ஏன் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்காக ஒரு பாதையைச் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து கிளம்பும் எந்தத் தம்பதியும் முதல் நீண்ட பயணத்துக்கு இதைத் தேர்ந்துகொள்ளலாம். கிருஷ்ணகிரி, பெங்களூரு தாண்டி 44-ஆம் எண் சாலையில் ஆந்திரத்துக்குள் நுழைந்தால் சற்றே விலகி லேபாட்சி. விஜயநகர காலத்து வீரபத்திரர் கோயிலும், ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியும் அங்கே. பிறகு மேற்கே திரும்பினால் ஹம்பி. அங்கிருந்து வடக்கே கிட்டத்தட்ட 140 கிலோமீட்டரில் பாதாமி.

பாதாமி என்றால் நம்மில் பலருக்கு உடனே தெரியாது; வாதாபி என்றால் தெரியும். கல்கியின் 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்த தலைமுறை இன்று ஓய்வு பெற்றிருக்கும் தலைமுறைதான். நரசிம்மவர்ம பல்லவன் 642-இல் இந்த ஊரைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். அவன் காலத்துக் கல்வெட்டு இங்குள்ள பாறையில் இருக்கிறது. பள்ளி நாட்களில் மனத்துக்குள் கட்டிக்கொண்ட நகரத்தைச் செம்மண்நிறக் குன்றுகளும் நடுவே பச்சை ஏரியுமாக நேரில் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. என் மனைவிக்குப் பேச்சே எழவில்லை. ஆயனரும் சிவகாமியும் கற்பனை மாந்தர்கள் என்று தெரிந்தும் அந்த வீதிகளில் அவர்களைத் தேடினோம்.

ஆனால் பாதாமி தமிழருக்குச் சொல்ல வேண்டிய சேதி அதோடு முடியவில்லை. நரசிம்மவர்மன் போய் நூறு ஆண்டு ஆனபோது வாதாபியின் சாளுக்கியர் முறை வந்தது. இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைக் கைப்பற்றினான். கைப்பற்றியவன் நகரை அழிக்கவில்லை. கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைத் தொடாமல் கோயிலுக்கே விட்டுவிட்டு, அதைக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துவிட்டுப் போனான். காஞ்சிபுரத்தில் அந்தக் கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி அந்த வெற்றியின் நினைவாகப் பாதாமிக்கு அருகே பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலைப் போய்ப் பாருங்கள். விமானத்தின் எடுப்பும் மதில் அமைப்பும் காஞ்சிக் கைலாசநாதரை அப்படியே கண்முன் கொண்டுவரும். பகைவனின் ஊரில் பார்த்த அழகைத் தன் ஊரில் கட்டிக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் நமக்கு முதல் பாதிதான் ஊட்டப்பட்டது. அடுத்த பாதியைத் தெரிந்துகொள்ளக் காஞ்சியிலிருந்து பட்டதக்கல் வரை நிதானமாகச் சாலையில் போக வேண்டியிருக்கிறது. அறிவு என்பது ஓய்வு பெறும் வயதோடு நின்றுவிடுவதில்லை; அதை இளமையில் அனுபவிக்க நேரம் கிடைக்காதவர்களுக்கு இப்போதுதான் நேரம்.

சாப்பாட்டைப் பற்றியும் பயம் வேண்டாம். வட கர்நாடகத்துக் கானாவளி உணவகங்களில் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், வேர்க்கடலைப் பொடி, கெட்டித் தயிர். சர்க்கரை நோயாளிக்கு இதைவிட நல்ல உணவு இல்லை. பாதாமிக்கு அருகே பனசங்கரி கோயில் பக்கத்தில் கிராமத்துப் பெண்கள் கூடையில் ரொட்டியும் மண்சட்டியில் தயிரும் கொண்டுவந்து பரிமாறுகிறார்கள். அவர்களோடு என் மனைவி எந்த மொழியில் அரை மணி நேரம் பேசினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கன்னடமும் தமிழும் கையசைவும் கலந்த ஏதோ ஒன்று. மொழி தெரியாதே என்று தயங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 44-ஆம் எண் சாலையில் எங்கே போனாலும் நாமக்கல், திருச்செங்கோட்டு லாரிகள் நிற்கும். டி.என். 28, டி.என். 34 என்று பதிவெண் பார்த்து நிறுத்தினால் நல்ல சாப்பாடும் தமிழில் வழி சொல்ல ஆளும் கிடைக்கும். வீட்டை விட்டு வாரக்கணக்கில் சாலையிலேயே கிடக்கும் அந்த ஓட்டுநர்கள் பெரியவர்களிடம் காட்டும் பரிவைப் பல நட்சத்திர விடுதிகளில் பார்க்க முடியாது.

பாதாமியிலிருந்து வடக்கே விஜயபுரம், சோலாப்பூர் வழியாகப் போனால் எல்லோராவும் அஜந்தாவும். 1819-இல் அஜந்தாவை வெளியுலகுக்குக் காட்டிய ஜான் ஸ்மித், புலி வேட்டைக்கு வந்த சென்னைப் படைப்பிரிவின் அதிகாரி. எல்லோரா செவ்வாயிலும் அஜந்தா திங்களிலும் மூடியிருக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போது தெலங்கானா வழியாக ஹைதராபாத், கர்னூல், அனந்தபூர்.

இந்த வழியில் இருக்கும் பெரிய தடை படிக்கட்டு. பாதாமிக் குடைவரைகள் நான்கும் குன்றின்மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கின்றன. 578-இல் வெட்டப்பட்ட மூன்றாம் குகையின் விஷ்ணுவைப் பார்க்காமல் திரும்பினால் பாதாமிக்குப் போனதாகவே சொல்ல முடியாது. அதற்கு உயரமான கல்படிகள் ஏற வேண்டும். விஜயபுரத்து கோல் கும்பாஸில், 44 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடத்தின் கீழே கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கம் கேட்கும் கூடத்துக்குப் போக, மூலைக் கோபுரத்துக்குள் குறுகலான படிகளில் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். தொன்மைச் சின்னத்தில் மின்தூக்கி வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பத்துப் படிக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க ஒரு கல் இருக்கை, பிடித்துக்கொள்ள ஒரு பக்கக் கம்பி, மேலே எத்தனை படி என்று நுழைவாயிலிலேயே ஒரு பலகை. ஏறுவதா வேண்டாமா என்று முதியவர் தாமே முடிவெடுக்க அந்தப் பலகை போதும். முடியாதவர்களுக்குக் கீழேயே நல்ல படங்களும் விளக்கமும் கொண்ட ஒரு கூடம் இருந்தால், காரிலேயே காத்துக்கிடக்கும் நிலை பலருக்கு வராது. மனைவி கீழே உட்கார்ந்திருக்கக் கணவர் மட்டும் மேலே போய்ப் படம் எடுத்துவந்து காட்டுவதை எல்லாக் குன்றடியிலும் பார்க்கலாம். கீழே இருக்கும் மனைவியும் அதே டிக்கெட்டைத்தான் வாங்கியிருக்கிறார்.

செய்யக் கூடியது என்பதற்கு இதே வழியில் சாட்சிகள் உண்டு. ஹம்பியில் புதிய ஐம்பது ரூபாய் நோட்டில் நாம் பார்க்கும் கல்தேர் இருக்கும் விட்டலர் கோயிலுக்கு வாகன நிறுத்தத்திலிருந்து பேட்டரி வண்டி போகிறது. அதை ஓட்டுபவர்களில் உள்ளூர்ப் பெண்கள் பலர். அஜந்தாவில் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிச்செல்லும் டோலி உண்டு. சக மனிதரின் தோளில் ஏறிப் போக எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வேறு வழியே இல்லாதவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோராவில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த கைலாசநாதரை முற்றத்தில் நின்றபடியே கண்ணாரப் பார்க்கலாம். இந்தப் பயணத்தில் முழங்காலுக்கு இதமான அதிசயம் அது.

வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பிள்ளைகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நான்குவழிச் சாலையிலும் எதிர்த்திசையில் பைக் வரும், மாடு குறுக்கே வரும், விளக்கில்லாத டிராக்டர் நிற்கும். ஆகவே சில கட்டுப்பாடுகள் இல்லாமல் பெரியவர்கள் கிளம்பக் கூடாது என்பதே என் கருத்தும். சூரியன் இறங்கிய பிறகு ஓட்டக் கூடாது. கண்புரை லேசாக இருந்தாலும் எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு கண்ணைக் குருடாக்கிவிடும். ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் மாத்திரைகளில் தூக்கம் வரவழைப்பவை எவை என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 55 வயதைக் கடந்தவரின் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மருத்துவச் சான்று கேட்கிறார்கள். பல இடங்களில் அது வெறும் கையெழுத்து. அந்தக் கையெழுத்தோடு நிற்காமல் உண்மையாகவே கண்ணையும் அனிச்சைச் செயலையும் சோதித்துக்கொள்வது நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியது. மருந்துச்சீட்டில் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டால் வேறு மாநிலத்து மக்கள் மருந்தகத்திலும் அதே மருந்து கிடைக்கும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, எந்த அவசரத்துக்கும் 112.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருவரில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிவது ஆபத்து. கணவருக்கு நெஞ்சு வலித்தால் அனந்தபூருக்கும் கர்னூலுக்கும் நடுவே மனைவி என்ன செய்வார்? ஓய்வு பெற்ற பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்களை நம் ஊர்களில் இப்போது பார்க்கிறேன். அவர்களைக் கண்டால் அவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறது. கற்றுத்தரும் கணவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்சம் வாயையும் மூடிக்கொண்டால் எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

காரும் ஓய்வூதியமும் உள்ளவர்களின் பேச்சு இது என்று சிலர் சொல்லலாம். மறுக்க மாட்டேன். நம் நாட்டு முதியவர்களில் பெரும்பாலோருக்கு மாதச் சம்பளமும் இருந்ததில்லை, ஓய்வூதியமும் இல்லை. கொத்து வேலை பார்த்தவரும் வயலில் நாற்று நட்டவரும் எந்தத் தேதியில் ஓய்வு பெறுவது? அவர்களுக்கும் ஹம்பியைப் பார்க்கும் ஆசை இருக்கும். ரயில் சலுகையைத் திரும்பக் கொடுங்கள் என்பது அவர்களுக்கான கோரிக்கை. அதை நாடாளுமன்றத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழியோரக் கழிப்பறை வந்தால் அதில் முதலில் நுழையப்போவது காரில் வரும் நானோ என் மனைவியோ அல்ல. அந்தச் சாலையோரத்தில் கொய்யாப்பழம் விற்பவர், சாலைப் பராமரிப்பில் வெயிலில் நிற்கும் பெண், அரசுப் பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கும் பாட்டி, லாரி ஓட்டுநர். முதியவருக்கு ஏற்ற சாலை எல்லாருக்கும் ஏற்ற சாலை.

தமிழ்நாட்டில் இதை எங்கே தொடங்கலாம் என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. 44-ஆம் எண் சாலை ஓசூரில் நம் எல்லைக்குள் நுழைந்து கன்னியாகுமரியில் முடிகிறது. அதன் இருபுறமும் உள்ள ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. இட்லி விற்றும் ஊறுகாய் போட்டும் வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டும் பெண்கள் அவர்கள். ஐம்பது கிலோமீட்டருக்கு ஓரிடமாக நிலமும் கட்டடமும் தண்ணீர் இணைப்பும் அரசு தரட்டும். நடத்துவதை அவர்களிடம் விடட்டும். கட்டணம் பத்து ரூபாய் வைத்தாலும் கொடுப்போம். சாய்தளமும் கைப்பிடியும் உயரமான கழிப்பறை இருக்கையும் கட்டட வரைபடத்திலேயே இருக்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது அரசின் கடமையும்கூட. வரைபடம் ஒப்புதலாகும் முன், முழங்கால் வலியுள்ள நான்கு பெண்களை அழைத்து அதைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள். தைப்பொங்கல் முடிந்து மாசி வரை தக்காணத்தில் வெயில் தணிந்திருக்கும். அந்த மாதங்களில் இந்த வழியில் போகும் முதியவர்கள் எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள், எங்கே நிற்க முடியாமல் தவிக்கிறார்கள் என்று சுங்கச்சாவடிகளில் ஒரு சீசன் கேட்டு எழுதினாலே, எந்தெந்த ஊரில் கட்ட வேண்டும் என்ற பட்டியல் தயாராகிவிடும்.